பத்தாம் கட்டிலின் காய்ச்சல்

பத்தாம் கட்டிலின் சார்ட்டில், பகல் இரண்டு மணிக்கு நேராக, நூற்றியொரு டிகிரி என்று எழுதியிருந்தது.

டாக்டர் அதைப் படித்து, கீழே கையெழுத்துப் போட்டு, இரண்டடி நகர்ந்தும்விட்டாள். பிறகுதான் நின்றாள். மூன்று நாளாக விடாத மழை தகரக் கூரையில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. ஃபினாயில் வாசனைக்கும் ஈரக் கம்பளி வாசனைக்கும் நடுவே வார்டு சாப்பிட்ட களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள், யாரோ தூக்கத்தில் பல்லைக் கடித்தார்கள், எங்கோ ஒரு குழாய் சொட்டியது. பத்தாம் கட்டிலில் மட்டும் எந்தச் சத்தமும் இல்லை. இருக்க வழியும் இல்லை. அதில் ஆளே கிடையாது.

"பெரிய சிஸ்டர்," என்று கூப்பிட்டாள். "இது என்ன விளையாட்டு?"

தலைமை நர்ஸை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சார்ட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"நான் எழுதல மேடம். நான் தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுதான் எழுதுவேன். பதினாலு நாளா அதையேதான் எழுதிட்டிருக்கேன். இல்லாத ஆளுக்குக் காய்ச்சல் வரவச்சு எனக்கு என்ன ஆகப்போகுது?"

"அப்ப யாரு எழுதினா?"

பெரிய சிஸ்டர் சார்ட்டைத் திருப்பிக் காட்டினார். "பாத்தா உங்க கையெழுத்து மாதிரிதான் இருக்கு."

அப்படித்தான் இருந்தது.

பத்தாம் கட்டில் அவளுடைய கைவரிசைதான். அந்த வருஷம் எதுவுமே ஒழுங்காக நடக்கவில்லை. முதல் மாதம் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. இரண்டாம் மாதம் மயக்க மருந்து டாக்டர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது வார்டில் இருந்த ஒரே நல்ல டார்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு போனார். எக்ஸ்ரே மிஷின் வந்து இறங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் மரப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. தலைமை அலுவலகத்து ஆள் வந்துதான் பிரிக்க வேண்டும், அதுவரை ஒரு ஆணியில்கூடக் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஆள் வரவில்லை. பெட்டிமேல் இப்போது தண்ணீர்க் குடம் உட்கார்ந்திருக்கிறது. அவள் பதினோரு கடிதம் எழுதினாள். ஒன்றுக்குப் பதில் வந்தது: கடிதம் உரிய படிவத்தில் இல்லை. படிவத்தில் எழுதி அனுப்பினாள். அதற்கும் பதில் வந்தது: படிவம் பழையது.

கேட்காமலே வந்தது ஒரே ஒரு கடிதம். பன்னிரண்டு கட்டில் வார்டில் ஆய்வு நாளன்று பத்துக்கும் குறைவாக ஆள் இருந்தால் வார்டு மூடப்படும். பகலில் சீட்டு வாங்கி மருந்து கொடுக்கும் வேலை மட்டும் நடக்கும். அதுவரை தினமும் காலையில் கட்டில் வாரியாகப் பட்டியல் அனுப்ப வேண்டும்.

மூடினால் அடுத்த ஆஸ்பத்திரி இரண்டரை மணி நேரத் தூரம். நடுவே ஒரு தாழ்ந்த பாலம். மழை பிடித்தால் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். போன வருஷம் இங்கே டாக்டர் லீவில் இருந்தபோது, பிரசவ வலியோடு ஏறிய ஒரு பெண் அந்தப் பாலத்தருகே ஆம்புலன்ஸிலேயே ஐந்து மணி நேரம் காத்திருந்தாள். தண்ணீர் வடிந்தபோது அவளும் இல்லை, குழந்தையும் இல்லை. டிரைவர் வண்டியை இரண்டு நாள் கழுவாமல் வைத்திருந்தார். டாக்டர் சத்தம் போட்டதற்கு, "கை வரல மேடம்" என்று மட்டும் சொன்னார்.

வார்டை மூடும் கடிதம் வந்தபோது ஆஸ்பத்திரிச் சமையல்கார அக்காவின் மகள் இரண்டு மாதக் கர்ப்பம். தலைப்பிள்ளை. அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்து கேட்டாள், "நம்ம வார்டுலயே பாத்துக்கலாம்ல டாக்டரம்மா?"

"இங்கயேதான் அக்கா. வேற எங்க?"

சொல்லிவிட்டாள். வார்டிலோ ஒன்பது பேருக்கு மேல் சேரவில்லை. அன்று சாயங்காலம் அவளும் பெரிய சிஸ்டரும் உட்கார்ந்து பத்தாவது ஆளை எழுதினார்கள்.

"பொம்பளையாவே இருக்கட்டும்," என்றார் பெரிய சிஸ்டர். "ஆம்பளைன்னா பீடி எங்கன்னு கேப்பாங்க."

"வயசு?"

"அறுபத்திரண்டு. என் மாமியா வயசு. ஆனா இவங்க வாயைத் திறக்க மாட்டாங்க, அதுவே பெரிய நிம்மதி."

இருவரும் அந்த வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்கள். மூச்சுத் திணறல் என்று எழுதினார்கள். யார் வந்து கேட்டாலும் பாத்ரூம் போயிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். ஊழியர்களுக்குள் அவளுக்கு விருந்தாளி என்று பேர் ஆனது. விருந்தாளிக்கு மாத்திரை ஆச்சா? விருந்தாளி தூங்கிட்டாங்களா?

இப்போது விருந்தாளிக்குக் காய்ச்சல்.

அவள் அந்தச் சார்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினாள். எல்லா நேரத்துக்கும் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. சாயங்காலம் வந்து பார்த்தபோது நூற்றியிரண்டு. மறுநாள் பென்சிலில் எழுதினாள், மேஜையில் வைத்துப் பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மதியம் திறந்தபோது பென்சில் எழுத்தெல்லாம் மையாகியிருந்தது. நூற்றியிரண்டரை. மேலே இருப்பவர்கள்தான் அவள் சொன்னதைக் கேட்பதில்லை என்று நினைத்திருந்தாள். இல்லாதவளும் கேட்பதில்லை. பயத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. அதற்குப் பிறகு நெடுநாள், எரிச்சல் இருக்கும்வரை பயம் வராது என்று நம்பி அதையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

சமையல்கார அக்கா ஒருநாள் பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து கத்தினாள். "பத்தாம் கட்டிலுக்கு ஒப்புக்கு வைக்கற தட்டை யாரு காலி பண்றது? பூனைன்னா பால் மட்டும்தானே குடிக்கும்? ரொட்டி ஓரத்தை மட்டும் கிள்ளி வச்சிருக்கு, பல்லு இல்லாத மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை.

தலையணையில் குழி விழுந்திருந்தது. டாக்டர் அதைத் தட்டிச் சரிசெய்தாள். பஞ்சு மேலே எழும்பியது. ரவுண்ட்ஸ் முடித்துத் திரும்பி வரும்போது மறுபடி குழி. இந்தத் தடவை ஓரம் ஈரமாக இருந்தது. தொட்டாள். வெதுவெதுப்பு. எண்ணெய் தேய்க்காத வயதான தலையின் வாடை.

இப்படி மூன்று மாதம். காய்ச்சல் ஒருநாள் இறங்கும், இரண்டு நாள் ஏறும்.

ஆய்வுக்கு முந்தின நாள் மதியம். பெயர்களோடு கூடிய கடைசிப் பட்டியல் காலையிலேயே போய்விட்டது. இனி ஒரு பெயரைக்கூடச் சேர்க்க முடியாது. வார்டில் மெய்யாக ஒன்பது பேர். பெரிய சிஸ்டர் எட்டாம் கட்டிலைத் தாண்டி வருவதை நிறுத்திப் பல நாளாகிறது. டாக்டர் தனியாகச் சார்ட்டை எடுத்தாள். நூற்றி நான்கு. நாடி நூற்று முப்பது. அடுத்த வரியில் 'மூச்சு மேலோட்டமாக' என்று இருந்தது. அதற்கடுத்த வரி காலி.

இப்படிப்பட்ட சார்ட்டுகள் எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரியும். இறந்தார் என்று ஒரு வரி விழுந்தால் ஒன்பது. ஒன்பது என்றால் வார்டு இல்லை. வார்டு இல்லை என்றால், ஐந்து மாத வயிற்றோடு தினமும் அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுக்க வரும் அந்தப் பெண், மழை நாளில் பாலத்தருகே.

இல்லாத ஒருத்தியைச் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பச்சைத் திரையை இழுத்து மூடினாள். மருந்துத் தட்டை மெத்தைமேல் டொக்கென்று வைத்தாள். "கையை நீட்டுங்க," என்றாள், ஓபியில் முரண்டு பிடிப்பவர்களிடம் சொல்கிற அதே எரிச்சலோடு. விரிப்பில் ஒரு மடிப்பு விழுந்தது, அல்லது முன்பே இருந்ததோ. முழங்கை இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டினாள்.

அது கீழே விழவில்லை.

வெறுங்காற்றில், மெத்தைக்கு நான்கு விரல் உயரத்தில், வட்டமாக நின்றது. அவள் அதை நேராகப் பார்க்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றும் ஊசியை எடுத்தாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம், கைகளுக்கு யோசனை வேண்டியிருக்கவில்லை. ஊசி முனை இறங்கியது. தோலின் சின்னத் தடை. பிறகு, நரம்பு கிடைத்ததும் விரலுக்கு மட்டும் தெரியும் அந்த மெல்லிய வழிவிடல்.

ஊசியின் பின்புறத்துக் கண்ணாடிக் குழலில் ரத்தம் ஏறியது. கருஞ்சிவப்பு. சூடு.

ஐந்து மணிக்கு நூற்றியொன்று. மறுநாள் காலை தொண்ணூற்றொன்பது. எந்த நோயாளி பிழைத்தாலும் வருகிற நிம்மதி அவளுக்கு வந்தது. அதற்காக அவள் வெட்கப்பட்டாள்.

ஆய்வு அதிகாரி ஒல்லியான மனிதர். ஓரம் நனைந்த கோப்போடு வந்தார். ஒவ்வொரு கட்டிலாக எண்ணிக்கொண்டே நடந்தார். பத்தாம் கட்டிலின் திரையை அவரே விலக்கினார். டாக்டர் வாயைத் திறந்தாள். பாத்ரூம் என்ற வார்த்தை வரவில்லை.

அதிகாரி குனிந்து, விரிப்பின் நுனியை இழுத்து எதையோ மூடினார்.

"கால் சில்லுனு இருக்கு பாருங்க, சிஸ்டர். கம்பளி இல்லையா?" தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "டாக்டர் நல்லா பாத்துக்கறாங்களாம். சந்தோஷம்."

பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வண்டி கிளம்பியதும் வாசலில் எல்லோரும் கைதட்டினார்கள். சமையல்கார அக்கா அழுதாள். டாக்டர் உள்ளே போனாள், ஊசியைப் பிடுங்கினாள், சார்ட்டில் 'நலமடைந்து வீடு திரும்பினார்' என்று எழுதினாள், அழுத்தி அடிக்கோடு போட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையணைக் குழி மெல்ல மேலெழும்பி நிரம்பியது. மெத்தை லேசாக முனகியது, யாரோ இறங்கினாற்போல. விட்டது தொல்லை என்றிருந்தது.

மறுநாள் காலையில் குழி திரும்ப வந்திருந்தது. பக்கத்திலிருந்த பதினொன்றாம் கட்டிலில் இன்னொன்று.

அதற்குப் பிறகு யாரையும் அவள் எழுதவில்லை. எழுத வேண்டியே இருக்கவில்லை. நான்காம் கட்டிலில் கால் உடைந்து கிடந்த தச்சர் வீடு போன மதியமே அங்கே புதுச் சார்ட் தொங்கியது. அவள் கையெழுத்து, அவளுக்குத் தெரியாத பெயர். வயிற்று வலியோடு வந்த ஒரு விவசாயியை அந்தக் கட்டிலில் படுக்கச் சொன்னபோது, அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "ஆள் இருக்கற கட்டில்ல எப்படிம்மா படுக்கறது?" மெய்யாக இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பக்கத்துக் கட்டில்காரர் ராத்திரியெல்லாம் இருமுகிறார் என்றார்கள். பக்கத்துக் கட்டில்கள் காலி.

பட்டியலில் ஐந்து என்று எழுதி அனுப்பினாள். போனில் சத்தமும் போட்டாள்.

"பன்னிரண்டுன்னுதான் மேடம் வந்திருக்கு," என்றது தலைமை அலுவலகத்துக் குரல். "உங்க எழுத்துதான். இவ்வளவு தன்னடக்கம் ஆகாது."

"நேர்ல வந்து பாருங்கன்னு சொல்றேன்!"

"அதிகாரிதான் வந்து பாத்துட்டாரே."

பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தது. பதினோரு கடிதத்துக்கு அசையாத மலை இப்போது தானாக நகர்ந்தது. புது மோட்டார் வந்தது. எக்ஸ்ரே பெட்டியைப் பிரிக்க ஆள் வந்தார். மருந்து இரண்டு மடங்காக வந்தது. அதெல்லாம் செலவாகவும் செய்தது. மாட்டிய குளுக்கோஸ் பாட்டில்கள் சொட்டுச் சொட்டாக இறங்கித் தீர்ந்தன. கட்டிலுக்கடியில் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தாள், ஈரமே இல்லை. நர்ஸுகள் தெர்மாமீட்டரோடு கட்டில் கட்டிலாக நடந்தார்கள். அவர்கள் இப்போது பயப்படவில்லை. பழகிவிட்டார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"திரும்பிப் படுங்க," என்று பெரிய சிஸ்டர் ஏழாம் கட்டிலிடம் சொல்வதைக் கேட்டாள். அன்பாகத்தான் சொன்னார்.

வருஷக் கடைசியில், மெய்யான கடைசி நோயாளியும் கிளம்பிப் போன பிறகு, மழை மறுபடி வந்தது. நான்காவது நாள் மதியம் பாலம் மூழ்கிவிட்டதென்று டிரைவர் வந்து சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து அலறல் கேட்டது.

அக்காவின் மகள். நனைந்த சேலையோடு சுவரைப் பிடித்து நின்றாள். நாள் சரிதான். டாக்டர் பரிசோதித்துப் பார்த்தாள், பிரசவ மேஜைக்குக் கொண்டுபோக இன்னும் நான்கைந்து மணி நேரமாவது இருந்தது. அதுவரை படுக்க ஒரு இடம் வேண்டும். பெஞ்சில் அவளால் உட்காரவும் முடியவில்லை.

வார்டு வாசலில் பெரிய சிஸ்டர் நின்றிருந்தார். இரண்டு கையும் இரண்டு பக்கச் சட்டத்தில்.

"இடம் இல்ல மேடம்."

"என்ன சொல்றீங்க?"

"பன்னிரண்டும் நிரம்பியிருக்கு. நீங்களே பாக்கறீங்களே. யாரை எழுப்பச் சொல்றீங்க?"

கேலி இல்லை அந்த முகத்தில். நிரம்பிய வார்டில் எந்த நர்ஸுக்கும் இருக்கும் களைப்புதான் இருந்தது.

"ஆளே இல்லாத பன்னிரண்டு கட்டில்!" டாக்டர் கத்தினாள். ஒரு வருஷத்துக் கத்தல். "இவளுக்காகத்தானே எல்லாம்! இவளுக்காகத்தானே நான்..."

பெரிய சிஸ்டரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். முதல் கட்டிலின் விரிப்பைப் பிடித்து இழுத்தாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ பிடித்திருந்தார்கள்.

பலமாக இல்லை. தூக்கத்தில் போர்வையை விடாமல் பிடித்துக்கொள்கிற அளவுதான். அவள் விட்டுவிட்டாள். விரிப்பு மெல்ல அந்தப் பக்கம் இழுபட்டது.

பின்னால் அக்கா, மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். "எதுல படுக்க வைக்கட்டும்? சீக்கிரம் சொல்லுங்க டாக்டரம்மா!"

யோசிக்க நேரமில்லை. பத்தாம் கட்டில் ஜன்னலோரம். அவளுக்குத் தெரிந்த ஒரே நோயாளி. அவள் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தவள். "அங்க," என்றாள்.

அக்கா, மகளைப் படுக்க வைத்தாள். பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவர ஓடினாள். ஓடும் செருப்புச் சத்தம். மழைச் சத்தம். அந்தப் பெண் கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு நடுக் கட்டிலில் கிடந்தாள். பிறகு ஒருக்களித்தாள். கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்கம்மா," என்றாள், சுவர்ப் பக்கம் பார்த்து.

மெத்தை முனகியது. அந்தப் பெண் திரும்ப நகர்ந்து மல்லாந்து படுத்தாள். நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது.

"வலி நின்னுடுச்சு டாக்டர்."

"நிக்கக் கூடாது," என்றாள் டாக்டர்.

"அவங்க தடவிக் குடுக்கறாங்க. இதமா இருக்கு."

வயிற்றின்மேல் இறுகியிருந்த ஈரச் சேலையில் ஐந்து சின்னப் பள்ளங்கள். விரல் நுனி அளவு. அழுத்தின. நகர்ந்தன. மறுபடி அழுத்தின.

டாக்டருக்குப் பின்னால் ஒரு கட்டில் கிறீச்சிட்டது. பிறகு இன்னொன்று. திரும்பினாள். நான்காம் கட்டிலின் தலையணை மேலெழுந்து நிரம்பிக்கொண்டிருந்தது. ஏழாம் கட்டில். முதல் கட்டில். வரிசையாக. குளுக்கோஸ் குழாய்கள் காற்றில் அசைந்தன, நீண்டன, இந்தப் பக்கமாக.

அந்தப் பெண் கண்ணை மூடியபடியே புன்னகைத்தாள்.

சேலையில் இரண்டாவது கை பதிந்தது. பெரியது. மூன்றாவது. கட்டைவிரல் இல்லாத ஒன்று. ஒன்றின்மேல் ஒன்றாக, பொறுமையாக, கைகள் வந்துகொண்டேயிருந்தன, வயிற்றில் இனி ஒரு விரலுக்கும் இடமில்லை என்னும்வரை. அப்புறம் அவை எல்லாம் சேர்ந்து, கீழ்நோக்கி அல்ல, மேல்நோக்கி, மெல்லத் தள்ளத் தொடங்கின.